ஐக்கிய அமெரிக்காவில் நாட்டுப்புற வெள்ளையர் வாக்கு

குடியாட்சி நாடுகளில் ஆட்சியை ஆக்குவதும் அழிப்பதும் வாக்குச் சீட்டே என்பதை யாவரும் அறிவர். ஆயினும், எல்லா வாக்குச் சீட்டுகளும் ஒரே நிறையுடையன அல்ல என்பதை ஆராய்ந்து அறிவார் சிலரே. ஒரு வகுப்பாரின் வாக்குக்குரிய நிறை அவர்தம் தொகையால் மட்டும் அமைவதன்று. அவர் வாழும் இடம், அந்நாட்டின் தேர்தற் சட்டம், அவ்வாக்கு ஒரு கட்சியிலிருந்து மற்றொரு கட்சிக்கு அசையும் இயல்பு ஆகிய மூன்றும் கூடியே அதனை அமைக்கின்றன. இவ்வுண்மையை விளக்குதற்கு ஐக்கிய அமெரிக்காவின் நாட்டுப்புற வெள்ளையர் வாக்கினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. அவர் அந்நாட்டு மக்களிற் சிறுபான்மையினர். எனினும் சனாதிபதி யார் என்பதைப் பலமுறை அவரே தீர்த்திருக்கின்றனர். இஃது எவ்வாறு நிகழ்ந்தது, வேட்பாளர் அவர்களை எவ்வழிகளால் அடைந்தனர், அவ்வழிகளுள் நல்லன எவை, தீயன எவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இவர் யாவர்?

2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐக்கிய அமெரிக்க மக்களுள் நூற்றுக்கு 20 பேரே நாட்டுப்புறத்தில் வாழ்கின்றனர். அவர் தொகை ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம். இவருள் நான்கில் மூன்று பங்கினர் வெள்ளையர். எஞ்சியோருள் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியிலும் தென் மாநிலங்களிலும் வாழும் கறுப்பினத்தவரும், ரெக்சஸ் எல்லைப்புறத்து இசுப்பானிய மரபினரும், ஒதுக்கு நிலங்களில் வாழும் ஆதிக்குடிகளும் அடங்குவர். நாட்டுப்புறம் என்றவுடன் வெள்ளையரை மட்டும் எண்ணுதல் பொருந்தாது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நாட்டுப்புறத்தார் அனைவரும் உழவர் எனக் கருதுவதும் பிழை. 1935ஆம் ஆண்டில் அந்நாட்டில் 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. 2022இல் எஞ்சியவை 19 இலட்சமே. இன்று நாட்டுப்புற வெள்ளையருட் பெரும்பாலோர் தொழிற்சாலை, சுரங்கம், மரந்தறித்தல், பாரவண்டி, பாடசாலை, மருத்துவமனை, கடை முதலியவற்றிற் பணியாற்றுவோரும் இளைப்பாறியோருமாவர். வயலை உழுவோர் சிலரேயாயினும், வயலின் நினைவும் சிற்றூர் வாழ்வின் பெருமிதமும் பலர் உள்ளத்தில் உள்ளன. ஆதலின் உழவர் நலம் பேசும் வேட்பாளனது குரல் உழாதவர் செவியிலும் சென்று சேர்கின்றது.

சட்டம் தந்த நிறை

ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதியை மக்கள் நேராகத் தெரிவதில்லை. 538 பேரைக் கொண்ட தேர்வாளர் குழுவே தெரிகின்றது. 270 பேரின் ஆதரவு பெற்றவர் சனாதிபதியாவார். ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் அதற்குள்ள உறுப்பினர் தொகையோடு, செனற் சபையில் அதற்குள்ள இருவரையும் கூட்டிவரும் தொகையே தேர்வாளர் தொகை. செனற் சபையில் மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும் உறுப்பினர் இருவரே. 2020இல் 5 இலட்சத்து 77 ஆயிரம் மக்கள் வாழ்ந்த வயோமிங்குக்கும் இருவர். 3 கோடியே 95 இலட்சம் மக்கள் வாழ்ந்த கலிபோர்னியாவுக்கும் இருவர். இதனால் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வயோமிங்கில் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளரும், கலிபோர்னியாவில் 7 இலட்சத்து 30 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளரும் கிடைத்தனர்.

மக்கள் தொகைக்கு மட்டுமன்றி நிலத்துக்கும் நிறை கொடுக்கும் முறை எமது நாட்டவர்க்குப் புதிதன்று. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் உறுப்பினரும் கூட்டிக் கொடுக்கப்பட்டமையைப் பழைய மாணவர் பலர் அறிவர். அமெரிக்க ஏற்பாடோ இன்றும் நிலைத்துள்ளது. மாநிலச் சட்டசபைகளில் நாட்டுப்புறத்துக்கு இருந்த மிகையான பங்கினை உயர் நீதிமன்றம் 1962, 1964ஆம் ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகள் நீக்கின. செனற் சபையின் அமைப்பை அத்தீர்ப்புகள் தொடவில்லை.

எனினும், சிறிய மாநிலங்களுக்குக் கிடைக்கும் இம்மிகையினும் வலியது மற்றொரு விதி. மெயின், நெப்ராஸ்கா என்னும் இரண்டும் ஒழிந்த 48 மாநிலங்களில் ஒரு வாக்கால் முந்தியவரும் அம்மாநிலத் தேர்வாளர் அனைவரையும் பெறுவர். ஆதலின் ஒரு கட்சி உறுதியாக வெல்லும் மாநிலங்களில் இருசாராரும் உழைப்பதில்லை. இருகட்சியும் ஏறக்குறையச் சமமாக நிற்கும் சில மாநிலங்களிலேயே போர் நிகழ்கின்றது. மிச்சிகன், விஸ்கொன்சின், பென்சில்வேனியா என்னும் மூன்றும் அத்தகையன. இம்மூன்றிலும் பெருநகரங்கள் உள. அவற்றைச் சுற்றிப் பரந்த நாட்டுப்புறமும் சிறு தொழிற்பட்டினங்களும் உள. அங்கு வாழ்வோருட் பெரும்பாலோர் வெள்ளையர். நகரம் ஒரு தட்டிலும் நாட்டுப்புறம் மறு தட்டிலும் இருப்ப, துலாக்கோல் சமனாக நிற்கும்போது ஒரு மஞ்சாடி எடையும் அதனைச் சாய்த்துவிடும்.

2016ஆம் ஆண்டில் நிகழ்ந்தது அதுவே. டொனால்ட் ட்ரம்ப் மிச்சிகனில் 10,704 வாக்குகளாலும், விஸ்கொன்சினில் 22,748 வாக்குகளாலும், பென்சில்வேனியாவில் 44,292 வாக்குகளாலும் வென்றார். நாடு முழுவதிலும் ஹிலாரி கிளின்ரன் 28 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் மிகுதியாகப் பெற்றிருந்தும், மூன்று மாநிலங்களில் 78,000க்கும் குறைந்த வாக்குகள் ஆட்சியைத் தீர்த்தன. 2020இல் ஜோ பைடன் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் முந்தினார். ஆயினும் அரிசோனா, ஜோர்ஜியா, விஸ்கொன்சின் ஆகிய மூன்றிலும் அவர் பெற்ற மிகுதி ஒருங்கே எண்ணின் 43,000 அளவினதே.

இடம்பெயர்ந்த வாக்கு

நாட்டுப்புற வெள்ளையர் என்றும் ஒரே கட்சியின் பக்கம் நின்றவர் அல்லர். இதனை இரண்டு மலைநாட்டு மாநிலங்களின் வரலாறு தெளிவாக உணர்த்தும்.

வேர்மொன்ற் மாநிலம் 1856 முதல் 1960 வரை நிகழ்ந்த ஒவ்வொரு சனாதிபதித் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தது. மேற்கு வேர்ஜீனியாவோ 1932 முதல் 1996 வரை 1956, 1972, 1984 ஆகிய மூன்று ஆண்டுகள் ஒழிய ஏனையவற்றிற் சனநாயகக் கட்சியையே ஆதரித்தது. இன்று இரண்டும் தலைகீழாகிவிட்டன. வேர்மொன்ற் 1992 தொடக்கம் சனநாயகக் கட்சியைக் கைவிட்டதில்லை. மேற்கு வேர்ஜீனியா 2000ஆம் ஆண்டிற் குடியரசுக் கட்சிக்கு மாறியது. 2016இல் ட்ரம்ப் அங்கு 68 வீத வாக்குகளைப் பெற்றார். இரண்டும் வெள்ளையர் நிறைந்த நாட்டுப்புற மாநிலங்கள். ஆதலின் நிறமும் ஊரும் ஒருவரது வாக்கினை மாற்றமுடியாதவாறு விதித்துவிடுவதில்லை என்பது பெறப்படும்.

மேற்கு வேர்ஜீனியாவின் மாற்றம் நாட்டையே மாற்றியது. 2000ஆம் ஆண்டுத் தேர்தல் புளோரிடா மாநிலத்து வாக்கெண்ணிக்கை வழக்கினாலே தீர்க்கப்பட்டது என்றே பலரும் நினைவுகூர்வர். அத்தேர்தலில் ஜோர்ஜ் புஷ் பெற்ற தேர்வாளர் தொகை 271. மேற்கு வேர்ஜீனியாவின் 5 தேர்வாளரும் முன்போலவே சனநாயகக் கட்சியின் பக்கம் நின்றிருப்பின், புளோரிடாவை இழந்தும் அல் கோர் சனாதிபதியாகியிருப்பார். நிலக்கரிச் சுரங்கத்தின் எதிர்காலம், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை ஆகிய இரண்டிலும் அவரைப்பற்றி அம்மலைநாட்டார் கொண்ட அச்சமே மாற்றத்துக்குப் பெருங்காரணமாயிற்று.

அசையும் இயல்புக்கு மற்றுமொரு சான்று அயோவா மாநிலம். மாநிலத்தின் உட்பிரிவு அங்குக் கவுண்டி எனப்படும். ஹவார்ட் கவுண்டி ஏறத்தாழ 9,500 மக்கள் வாழும் சிறு பகுதி. 2012இல் பராக் ஒபாமா அங்கு 20 வீதத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டால் வென்றார். நான்கே ஆண்டுகளின் பின் ட்ரம்ப் அதே இடத்தில் 20 வீதத்துக்கு மேற்பட்ட வேறுபாட்டால் வென்றார். ஒபாமாவுக்கு இருமுறை வாக்களித்துப் பின் ட்ரம்புக்கு வாக்களித்த கவுண்டிகள் நாடெங்கும் 206. அவற்றுள் 31 அயோவாவில் உள்ளன. முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவரைச் சனாதிபதியாக்கிய அதே ஊர்கள் பின்னர் எதிர்ப்பக்கம் சாய்ந்தமை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

காரணங்கள்

இம்மாற்றத்துக்குரிய காரணங்களை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பிழைப்பு. 1980களின் நடுவில் நிலக்கரித் தொழிலில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2016இல் ஐம்பதினாயிரம் அளவினரே எஞ்சினர். பொறிகளின் பெருக்கமும் இயற்கை எரிவாயுவின் மலிவும் இதற்குப் பெருங்காரணம். 1994இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்கத் தடையிலா வாணிப உடன்படிக்கையும், 2001இற் சீனா உலக வர்த்தக அமைப்பிற் சேர்ந்தமையும் சிற்றூர்த் தொழிற்சாலைகள் பலவற்றை மூடச்செய்தன. ஒரு தொழிற்சாலையையே நம்பிய ஊரில் அது மூடப்பட்டால் கடையும் பாடசாலையும் கோவிலும் ஒன்றன்பின் ஒன்றாக மெலிகின்றன. மேற்கு வேர்ஜீனியாவின் மக்டவல் கவுண்டியில் 1950ஆம் ஆண்டிற் 98,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2020இல் 19,000 அளவினரே வாழ்ந்தனர்.

இரண்டாவது, நிறவேற்றுமை. 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தையும் சனநாயகக் கட்சியினரான லிண்டன் ஜோன்சன் நிறைவேற்றியதன் பின், தென்மாநில வெள்ளையர் அக்கட்சியை விட்டு விலகத் தொடங்கினர். 1968இல் ஜோர்ஜ் வலஸ் என்பார் நிறப்பிரிவினையைக் காக்கும் குரலாக நின்று தென்மாநிலங்கள் ஐந்தினை வென்றார். பிழைப்பின் நலிவே முழுக்காரணமாயின், அதே நலிவை இன்னும் கடுமையாக அனுபவிக்கும் மிசிசிப்பிச் சமவெளிக் கறுப்பினத்தவரும் அப்பக்கமே சாய்ந்திருத்தல் வேண்டும். அவரோ சனநாயகக் கட்சியையே பெரிதும் ஆதரிக்கின்றனர். ஆதலின் நிறத்தை மறைத்துவிட்டு வறுமையை மட்டும் காட்டும் விளக்கம் குறையுடைத்து.

மூன்றாவது, சமயமும் வழக்கமும். கருச்சிதைவு, துப்பாக்கி, பாடசாலையில் வழிபாடு முதலியன கட்சிகளைப் பிரிக்கும் வரம்புகளாயின. 1970களின் இறுதியிலிருந்து புரட்டஸ்தாந்து சபைகள் பல வெளிப்படையாகக் குடியரசுக் கட்சியின் சார்பினவாயின. இருபக்கக் கருத்தையும் ஒலிபரப்புதல் வேண்டும் என்னும் விதி 1987இல் நீக்கப்பட்டதன்பின், ஒருபக்கமே பேசும் வானொலி நிகழ்ச்சிகள் நெடுந்தெருக்களிலும் பண்ணைகளிலும் நாள்முழுதும் ஒலித்தன. உள்ளூர்ச் செய்தித்தாள்களோ ஒவ்வொன்றாய் மறைந்தன.

நான்காவது, மதிப்பு. இதுவே நுண்ணியது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியை கதரின் கிறேமர் 2007 முதலாக அம்மாநிலத்தின் 27 ஊர்களுக்குச் சென்று, எண்ணெய் நிரப்பு நிலையங்களிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் கூடிப் பேசுவோர் நடுவில் அமர்ந்து கேட்டார். 'மனக்கசப்பின் அரசியல்' எனப் பொருள்படும் நூலை 2016இல் வெளியிட்டார். நாட்டுப்புறத்தார் திரும்பத்திரும்பச் சொன்னவை மூன்று: முடிவுகள் நகரத்திலேயே எடுக்கப்படுகின்றன, பணம் நகரத்துக்கே செல்கின்றது, நகரத்தார் எம்மை மதிப்பதில்லை. முதலிரண்டும் கணக்கினால் வாதிடத்தக்கன. மூன்றாவதை எக்கணக்கினாலும் மறுத்தல் இயலாது. தன்னை மதியாதவன் தரும் நன்மையை மனிதன் நன்றியோடு ஏற்பதில்லை.

வேட்பாளர் அடைந்த வழிகள்

அவ்வாக்கினை நாடியோர் கையாண்ட வழிகளுள் தொன்மையானது நேரிற் செல்லுதல். 1896இல் வில்லியம் ஜெனிங்ஸ் பிரையன் புகைவண்டியில் ஏறத்தாழ 18,000 மைல் பயணஞ்செய்து உழவர்க்குப் பேசினார். அவர் தோற்றாராயினும் அவர் காட்டிய வழி நிலைத்தது.

அவ்வழியிற் பெருவெற்றி கண்டவர் ஹரி ட்ரூமன். 1948இல் அவர் தோற்பார் என்றே கருத்துக் கணிப்பாளர் அனைவரும் கூறினர். அவர் புகைவண்டியின் பின்மேடையில் நின்று சிற்றூர் தோறும் பேசினார். அவ்வாண்டு சோளம் பெருவிளைச்சலாக விளைந்தது. விளைவை அரசாங்க ஆதரவு விலைக்கு ஈடாக வைப்பதற்குக் களஞ்சியம் வேண்டும். குடியரசுக் கட்சி மேலோங்கிய காங்கிரசு சபையோ களஞ்சியம் அமைக்கும் அதிகாரத்தை உரிய நிறுவகத்திடமிருந்து நீக்கியிருந்தது. செப்தெம்பர் 18ஆந் திகதி அயோவாவின் டெக்ஸ்ரர் என்னும் ஊரில், ஏர்ப்போட்டி காணக் கூடிய பெருங்கூட்டத்துக்கு ட்ரூமன் இதனை எடுத்துரைத்தார். அவர் பேசியது தத்துவமன்று. உழவன் கண்முன் குவிந்து கிடக்கும் சோளத்தைப்பற்றியே பேசினார். 1944இற் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்ற அயோவா, விஸ்கொன்சின், ஒகையோ ஆகிய மூன்றும் 1948இல் ட்ரூமனுக்கு வாக்களித்தன. ஒகையோவில் அவர் பெற்ற மிகுதி 7,000 அளவினதே. தேர்தல் இரவில் அவர் தோற்றார் என அச்சிட்ட சிக்காகோச் செய்தித்தாளை அவர் சிரித்தவாறு உயர்த்திக் காட்டிய படம் உலகப் புகழ்பெற்றது.

இரண்டாவது வழி, கண்ணாற் காணத்தக்க நன்மையைச் செய்தல். 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளிற் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. இலாபம் இல்லை எனக் கம்பனிகள் மறுத்த இடங்களுக்குப் பிராங்கிளின் றூஸ்வெல்ற் 1935இல் நாட்டுப்புற மின்னூட்டல் நிருவாகத்தை அமைத்து, உழவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தார். கம்பம் நட்டவரும் கம்பி இழுத்தவரும் அவ்வூரவரே. இருபது ஆண்டு கழியுமுன் பெரும்பாலான பண்ணைகளில் விளக்கு எரிந்தது. இருளில் இருந்தவனுக்கு விளக்கேற்றியவன் பெயரை எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

1960இல் ஜோன் கெனடியும் இவ்விரு வழிகளையும் இணைத்தார். அவர் கத்தோலிக்கர், செல்வர், மேற்கு வேர்ஜீனியாவோ புரட்டஸ்தாந்தர் நிறைந்த வறிய மலைநாடு. கட்சி வேட்பாளரைத் தெரியும் முன்தேர்தலில் அவர் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரோடு பேசினார். றூஸ்வெல்ற்றின் மைந்தர் ஒருவரும் அவருக்காகப் பேசினார். அங்கு வென்ற பின் அவர் அம்மலைநாட்டை மறக்கவில்லை. 1961 சனவரியிற் பதவியேற்றதும் அவர் பிறப்பித்த முதற் கட்டளை வறியோர்க்கு உணவுப் பங்கீட்டை மிகுவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் உணவு முத்திரைத் திட்டம் மக்டவல் கவுண்டியிலேயே தொடங்கியது.

இவற்றோடு அண்மைக் காலத்தை ஒப்பிடுதல் பயனுடைத்து. 2018இல் சீனாவோடு வரிப்போர் மூண்டு சோயா அவரையின் விலை வீழ்ந்தபோது, ட்ரம்ப் அரசாங்கம் அவ்வாண்டில் 1,200 கோடி டொலரும் அடுத்த ஆண்டில் 1,600 கோடி டொலரும் உழவர்க்கு ஈடாக அறிவித்தது. காசோலைகள் விரைந்து கைக்கு வந்தன. 2021இற் பைடன் அரசாங்கம் நிறைவேற்றிய சட்டமோ அதிவேக இணைய இணைப்புக்கென 6,500 கோடி டொலர் ஒதுக்கியது. தொகை பெரிது, நோக்கம் றூஸ்வெல்ற்றின் நோக்கம் போன்றதே. ஆயினும் விதிகளும் வரைபடங்களும் விண்ணப்பங்களும் ஆண்டுகளை விழுங்கின. 2024 தேர்தலின்போது அதன் பெரும்பகுதி இன்னும் கம்பியாக மாறி வீடுகளை அடையவில்லை. காகிதத்தில் உள்ள நன்மைக்கு வாக்காளன் நன்றி கூறுவதில்லை.

மூன்றாவது வழி, அவருள் ஒருவராய் நிற்றல். மொன்ரானா மாநிலத்தின் ஜோன் ரெஸ்ரர் கோதுமைப் பண்ணை நடத்தியவர். சிறுவயதில் இறைச்சி அரைக்கும் பொறியில் மூன்று விரல்களை இழந்தவர். சனநாயகக் கட்சிக்கு இணங்காத அம்மாநிலத்தில் 2006, 2012, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் அவர் செனற் சபைக்கு வென்றார். அயோவாவின் செனற்றர் சக் கிராஸ்லி தம் மாநிலத்தின் 99 கவுண்டிகளுக்கும் ஆண்டுதோறும் சென்று மக்களைக் காண்பதை வழக்கமாக்கினார். எனினும், அவ்வூரிற் பிறந்திருத்தல் இன்றியமையாததன்று. நியூயோர்க் நகரத்துச் செல்வரான ட்ரம்பினை நாட்டுப்புறத்தார் ஏற்றமை இதற்குச் சான்று. தொழிற்சாலைகள் மூடப்பட்ட சிறு பட்டினங்களுக்கு அவர் சென்றார். வாணிப உடன்படிக்கைகளை இரு கட்சித் தலைவரும் புகழ்ந்த காலத்தில் அவற்றைப் பழித்தார். நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்றார். நிலக்கரித் தொழிலை மீட்பதாக அவர் தந்த வாக்கு நிறைவேறவில்லை. 2020இல் அத்தொழிலாளர் தொகை 2016இல் இருந்ததினும் குறைந்தது. எனினும் அவ்வூர்கள் அவரைக் கைவிடவில்லை. தம்மைக் கண்டு பேசினார் என்பதே அவர்களுக்குப் பெரிதாயிற்று.

நான்காவது வழி தீயவழி. துன்பப்படுவோர்க்குப் பகைவன் ஒருவனைச் சுட்டிக்காட்டி, உன் துன்பத்துக்கெல்லாம் அவனே காரணம் என்றல். வலஸ் கறுப்பினத்தவரின் உரிமையைக் காட்டினார். பின்வந்தோர் குடிவந்தோரைக் காட்டினர். இவ்வழி விரைவில் வாக்கினைச் சேர்க்கும். ஆயின் அது மூடிய சுரங்கத்தைத் திறந்ததுமில்லை, மூடிய மருத்துவமனையைத் திறந்ததுமில்லை.

வாக்கினைச் சேர்க்கும் வழிகள் இவ்வாறாக, அதனை இழக்கும் வழி ஒன்றே, அஃது அவமதிப்பு. 2008இல் ஒபாமா சன்பிரான்சிஸ்கோ நகரத்து நிதிக்கூட்டமொன்றில், தொழில் இழந்த சிற்றூரார் மனங்கசந்து துப்பாக்கியையும் சமயத்தையும் பற்றிக்கொள்கின்றனர் என்னுங் கருத்துப்படப் பேசினார். 2016இல் ஹிலாரி கிளின்ரன் நிலக்கரித் தொழிலாளர் பலர் வேலை இழப்பர் எனக் கூறினார். அவர் தொடர்ந்து கூறியது அவ்வூர்களுக்குப் புதுத்தொழில் கொணர்தல் வேண்டும் என்பதே. ஆயினும் பின்கூறியது மறக்கப்பட்டது. முன்கூறியதே ஊரெங்கும் பரவியது. ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப்பற்றிப் பேசியது அவர் செவிக்கு எப்படியும் வந்துசேரும்.

குறைத்துத் தோற்றலும் வெற்றியே

இன்று நாட்டுப்புறத்திற் குடியரசுக் கட்சியே பெரிதும் மேலோங்கி நிற்கின்றது. வாக்களித்தோரைச் சரிபார்த்துப் பியூ ஆய்வு நிலையம் கண்ட கணக்கின்படி, ட்ரம்ப் நாட்டுப்புறத்திற் பெற்றது 2016இல் 59 வீதம். 2020இல் 65 வீதம். 2024இல் 69 வீதம். இவ்வாறாயின் இவ்வாக்கு அசையும் வாக்கு என்றல் பொருந்துமோ என வினவலாம். பொருந்தும். ஒரு மாநிலத்தை வெல்வதற்கு நாட்டுப்புறத்தை வெல்லவேண்டியதில்லை. அங்குத் தோற்கும் அளவைக் குறைத்தாற் போதும். நூற்றுக்கு 30 பெறுவதற்கும் 38 பெறுவதற்கும் உள்ள வேறுபாடே விஸ்கொன்சின் போன்ற மாநிலத்தில் ஆட்சி வேறுபாடாகும்.

பென்சில்வேனியாவில் ஜோன் பெற்றர்மன் 2022இல் இதனைச் செய்து காட்டினார். 67 கவுண்டிகளுள் ஒன்றையும் ஒதுக்காது வாக்குக் கேட்பது என்பது அவர் கொள்கை. நாட்டுப்புறக் கவுண்டிகளிற் பெரும்பாலானவற்றில் அவர் தோற்றார். ஆயினும் பைடன் 2020இற் பெற்றதினும் மிகுந்த வாக்கு வீதம் அங்கெல்லாம் பெற்று, மாநிலத்தை ஏறத்தாழ 5 வீத வேறுபாட்டால் வென்றார். பைடன் வென்ற வேறுபாடு 1 வீதத்தைச் சிறிதே கடந்தது.

இம்முயற்சிக்கும் எல்லை உண்டு. 2024இல் மொன்ரானாவில் ட்ரம்ப் ஏறத்தாழ 20 வீத வேறுபாட்டால் வென்றபோது, ரெஸ்ரர் 7 வீத வேறுபாட்டால் தோற்றார். தம் கட்சியினும் மிக முந்தி ஓடியும் கரையை அடைய அவரால் இயலவில்லை. அன்றியும் வெற்றி தோல்விகளை நாட்டுப்புறம் ஒன்றே தீர்ப்பதாகக் கூறுதலும் மிகை. 2016இல் விஸ்கொன்சினில் ட்ரம்ப் பெற்ற வாக்குத்தொகை, 2012இல் அங்குத் தோற்ற மிற் றொம்னி பெற்ற தொகையினும் சிறிது குறைவே. நாட்டுப்புறத்தில் ட்ரம்புக்குக் கூடியது. நகரை அடுத்த செல்வர் பகுதியிற் குறைந்தது. மில்வோக்கி நகரிற் சனநாயகக் கட்சியினர் பலர் வாக்களிக்கவேயில்லை. இவையெல்லாம் கூடியே துலாக்கோல் சாய்ந்தது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? நாட்டுப்புற வெள்ளையர் வாக்கு வலிமை பெற்றது தொகையாலன்று. சட்டத்தாலும் இடத்தாலும் அசைவாலும் வலிமை பெற்றது. இம்மூன்றனுள் அசைவே உயிர். 1948இல் உழவன் எப்பக்கமும் செல்லக்கூடியவனாய் இருந்தான். ஆதலின் நாட்டின் சனாதிபதி அவன் களஞ்சியத்தைப்பற்றிப் பேச டெக்ஸ்ரர் வரை வந்தார். ஒரு பகுதியின் வாக்கு எமக்கே உரியது என ஒரு கட்சி உறுதிகொள்ளும்போது, அது கொடுக்க வேண்டியது குறைகின்றது. எமக்கு ஒருபோதும் வராது என மற்றக் கட்சி கைவிடும்போது, அது கேட்கச் செல்வதும் நிற்கின்றது. இருபக்கமும் இழப்பு அவ்வூருக்கே. 2010ஆம் ஆண்டின் பின் அமெரிக்க நாட்டுப்புறத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மூடப்பட்டன. ஆட்சிகளை மாற்றிய அவ்வாக்குகள் பேற்றுக்காகப் பெண்ணொருத்தி செல்லவேண்டிய தூரத்தைக் குறைக்கவில்லை. வாக்கின் நிறை உயர்ந்தது. வாழ்வின் நிறை உயரவில்லை.

கற்றவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பல்கலைக்கழகங்களும் செய்தித்தாள்களும் கருத்துக் கணிப்பாளரும் 1948இலும் 2016இலும் ஒரே வகையிற் பிழைத்தனர். தாம் சென்று காணாத மக்களின் மனத்தைத் தாம் அறிந்ததாகக் கொண்டனர். ஒருவர் கொண்ட கருத்தை மறுத்தல் குடியாட்சியின் உரிமை. அவரையே இகழ்தல் அதன் அழிவு. நிறவேற்றுமை போன்ற தீமையை அஞ்சாது மறுக்கவும் வேண்டும். அத்தீமையின் வாயிலில் நிற்பவனது பசியையும் மானத்தையும் காணவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யவல்லவரே சிற்றூர்த் தெருவிற் சென்று வாக்குக் கேட்கத் தகுதியுடையார். கல்லூரியிற் குடியியல் கற்று, நாளை மக்களுட் சென்று பணியாற்றப்போகும் எம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.